பிளாஸ்திரி போட்ட விரல்கள்

பறவைக் கூண்டுக்குப் போகுமுன் வெனிங் இரண்டு காரியம் செய்கிறாள். இரண்டு கைகளிலும் நடுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றுகிறாள். பிறகு ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்கிறாள். கட்டுப்போட்ட விரலில் சொடக்கு விழாது. கிராம்பு அடக்கிய வாயில் சீட்டி வராது. மலையடிவாரத்து டீக்கடைக்காரர் முதல் தடவை பார்த்துப் பதறிப்போனார்.

"என்னம்மா, கையில காயமா?"

"காயமில்ல ஐயா, பழக்கம்."

சொடக்குப் போடும் பழக்கம் வீட்டுச் சொத்து. ஜாவாவின் சோலோ நகரத்தில் அவள் வளர்ந்த தெருவில் வாசலுக்கு வாசல் கூண்டு தொங்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பறவைகளுக்குப் பாட்டுப் போட்டி. அப்பா ஜுமாடி தன் சோலைபாடிப் பறவையைப் பார்த்து ஒரு சொடக்குப் போட்டால், அது நீள வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு பாட ஆரம்பிக்கும். வெனிங் பேச வருமுன்பே சொடக்கக் கற்றுக்கொண்டாளாம். பஸ் நடத்துநரைக்கூடச் சொடக்கிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

பள்ளி முடிந்தது, கல்லூரிக்கு ஒரு வருஷம் கழித்துப் போவதாகச் சொல்லிவிட்டு லாவு மலைக்கு வந்துவிட்டாள். சம்பளம் கிடையாது, படுக்க இடமும் சோறும் வறுத்த தெம்பே சோயாக்கட்டியும் உண்டு. கள்ளத்தனமாக விற்கும்போது பிடிபட்ட சோலைபாடிகளைக் காட்டு வாழ்க்கைக்குத் திருப்புகிற வேலை. மகள் ஏதோ பறவை வளர்ப்புப் படிக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்து அப்பா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். விஷயம் தெரிந்ததும் போனில் கத்தினார்.

"பாடற பறவையப் பறக்க விடறதுக்கா ஒரு வருஷத்தப் பாழாக்கற? உனக்கு மூளை கீளை இருக்கா?"

"இருக்குப்பா. உங்ககிட்டேருந்து வந்ததுதானே, அதான் கொஞ்சம் இப்படி."

வாய்த்துடுக்கு அதிகம். ஆனால் முதல் பறவையைப் பற்றிப் பேச்செடுத்தால் வாயடைத்துப் போவாள். அவளே பார்த்துப் பார்த்துத் தேற்றியது அது. கூண்டைத் திறந்ததும் மரத்தில் போய் உட்கார்ந்து பாடியது. சந்தோஷத்தில் தன்னை மறந்து ஒரு சொடக்குப் போட்டாள். அவ்வளவுதான், நேராக வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. பொறுப்பாளர் இபு ஹெஸ்தி திட்டவில்லை. "மனுஷன் கூப்பிட்டா எறங்கற பறவைய வெளிய விட்டா, மறுவாரம் சந்தையிலதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அது இப்போது பின்கட்டில், இனி என்றைக்கும் கூண்டில். எல்லா வேலையும் முடிந்தபின் வெனிங் அங்கே போகிறாள். பிளாஸ்திரியைப் பிரிக்கிறாள். அதற்கு மட்டும் சொடக்குப் போடுகிறாள். அது வாலாட்டிப் பாடும்போது அவளால் அதிக நேரம் நிற்க முடிவதில்லை.

இரண்டாவது பறவையிடம் அவள் முகத்தைக்கூடக் காட்டவில்லை. தலையோடு கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு, வெட்டுக்கிளியையும் செவ்வெறும்பு முட்டையையும் சருகுக்கடியில் ஒளித்துவிட்டு வெளியேறுவாள். பெயர் வைக்கவில்லை. தன்னை அறவே தெரியாத ஒன்றுக்காக இப்படி உருகுகிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வரும். இதுவும் பின்கட்டுக்குப் போய்விடக் கூடாது என்ற பயம் மட்டும் சிரிக்க விடாது.

அதை விடுவிக்கும் அன்று அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "சும்மா பாத்துட்டுப் போறேன். எனக்கென்ன வேலை இங்க" என்றார். போட்டிக்குப் போகும் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

"யாரும் கூப்பிடக் கூடாது, அசையக் கூடாது" என்று இபு ஹெஸ்தி எல்லாரையும் புதருக்குப் பின்னால் நிறுத்தினார். "எறங்கிடுச்சுன்னா, இதுக்கும் கூண்டுதான்."

கதவு திறந்தது. சோலைபாடி தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்து, அப்புறம் ஒரே எம்பில் மரத்தின் தாழ்ந்த கிளைக்குப் போனது. இறகைக் கோதிக்கொண்டது. பிறகு பாடத் தொடங்கியது. எத்தனையோ போட்டி பார்த்த ஜுமாடிக்கே கண் கலங்கிவிட்டது.

"அடேயப்பா... என்ன கொரலு இது" என்று முணுமுணுத்தார். இன்னும் கொஞ்சம் பாட வைக்க வேண்டும்போல் இருந்திருக்கும். அவர் கை தானாக மேலே எழுந்தது. கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்தன.

வெனிங் பாய்ந்து அந்த விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். அப்பா திகைத்து அவளைப் பார்த்தார், கையை இழுத்துக்கொள்ளவில்லை. பறவை மேற்கிளைக்குத் தாவியது, அப்புறம் அடுத்த மரத்துக்கு. பாட்டு மலைச்சரிவில் ஏறித் தேய்ந்து, கேட்காமலே போனபிறகும், பிளாஸ்திரி சுற்றிய தன் விரல்களால் அப்பாவின் விரல்களை இறுகப் பிடித்தபடியே நின்றாள்.