ரமாபாய் வீட்டுப் பூனைக்கு ஒரு கக்கூஸ்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் ரமாபாய்க்குக் கக்கூஸ் கழுவுகிற வேலை. கழுத்தில் தொங்குகிற அட்டையில் 'ஹவுஸ்கீப்பிங்' என்று போட்டிருக்கிறது. யாராவது கேட்டால் அந்தச் சொல்லை அவள் சொல்வதில்லை. "டிரைவருங்க கக்கூஸ் கய்வுறேன்" என்பாள். கேட்டவர் முகம் ஒரு மாதிரி போகும். போகட்டும். கழுவுகிறவளுக்கு இல்லாத கூச்சம் கேட்கிறவருக்கு என்னத்துக்கு?

பதினோரு வருடமாக அதே எட்டுக் கதவு. துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப் போகிற டிரெய்லர்காரர்கள், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றிக்கொண்டு தலைமுதல் கால்வரை வெள்ளையாக வந்து இறங்குகிற லாரிக்காரர்கள், எல்லாருக்கும் அந்த எட்டுக் கதவுதான். வரிசையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிற மனிதர்கள், வெளியே வரும்போது மட்டும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கெட்டும் சொம்பும் அங்கேயே இருக்கும், குழாயில் தண்ணீரும் வரும். ஆனாலும் ஊற்ற மாட்டார்கள். அதற்கென்று ஒருத்தி இருக்கிறாளே. அவள் போய்க் கழுவிவிட்டு வெளியே வந்தால் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அதில் அவள் கெட்டிக்காரி, அது அவளுக்கும் நன்றாகவே தெரியும். ரமாபாய் என்று பெயர் வைத்த அப்பா, எந்த வேலை செய்தாலும் தலை குனியாமல் செய்யணும் என்று சொல்லிவிட்டுப் போனவர். அவள் குனிவது கழுவுவதற்கு மட்டும்தான்.

புருஷன் அறிவு அதே யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவன். ஆறு வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மகள் மதி கோயம்புத்தூரில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், நல்ல பெண், ஆனால் தூரம் தூரம்தானே. டோல்கேட் பக்கத்து ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடியில், ஒற்றை அறையில் ரமாபாய் தனியாக இருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் டிவியைப் போடுவாள். பார்ப்பதற்கு இல்லை. வீட்டில் ஒரு சத்தம் கேட்கட்டும் என்று.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு பூனை வந்தது. யார்டில் ஒரு காலிப் பெட்டிக்குள் பிறந்த நாலு குட்டிகளில் மூன்றை நாய் கொண்டுபோய்விட்டது. நாலாவதன் பின்னங்கால் பெட்டிக் கதவில் மாட்டி நசுங்கியிருந்தது. ஓட முடியாமல் பெட்டியின் மூலையில் ஒண்டிக்கொண்டு கத்தியதை ரமாபாய் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தாள். கால் ஆறியது, நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. காலிப் பெட்டிக்கு யார்டில் எம்ட்டி என்று பெயர், பூனைக்கும் அதுவே ஆனது. இரண்டே நாளில் எம்ட்டி அவள் வயிற்றின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு குறட்டை விட்டது. மூன்றாம் நாள் அவள் டிவி போட மறந்துபோனாள்.

எதிர்வீட்டுக் குப்பம்மாதான் வீட்டுக்காரம்மா. நல்ல மனுஷி, ஆனால் மூக்கு மட்டும் போலீஸ் நாய் மூக்கு. பூனையைப் பார்த்ததும் கதவிலேயே நின்று சொல்லிவிட்டாள்.

"ரமா, வளத்துக்கோ. வாணான்னு சொல்லல. ஆனா வூட்டுக்குள்ள கலீஜ் பண்ணுச்சுனு வையி, நாத்தம் சொவுத்துல ஏறிப்பூடும். அப்பால நா சும்மா இருக்க மாட்டேன்."

"இன்னாக்கா நீ, எங்கையில சொல்ற? ஊரு கக்கூஸ கய்வுற கையிக்கா இது. ஒரு பூனைக்குப் பண்ண மாட்டனா?"

சவடால்தான். அந்தச் சவடாலை நம்பிக்கொண்டு அவள் காரியத்தில் இறங்கினாள்.

பூனை மண்ணில்தான் போகும் என்பது யாருக்கும் தெரியும். மண்ணுக்கு எங்கே போவது? காசிமேட்டில் மீன் விற்கிற ஆலிஸ் அவளுடைய தோஸ்து. ஒரு மூட்டை மணல் வேண்டும் என்று ரமாபாய் கேட்க, மறுநாள் காலையிலேயே ஆலிஸ் மீன் கூடைக்கு நடுவில் ஒரு கோணி மணலை வைத்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். கடற்கரை மணல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அள்ளிய மணல். ஐஸ் உருகின மீன் தண்ணீர் எத்தனை வருடமாக அதில் ஊறியதோ. காலம்பூரா மீனோடேயே கிடக்கிற ஆலிஸுக்கு அந்த வாடை தெரியவில்லை. ரமாபாய்க்கும் காசிமேட்டு வாடை ஒரு வாடையாகப் படவில்லை. பூனைக்குத் தெரியாமல் இருக்குமா?

பிளாஸ்டிக் டப்பில் மணலைக் கொட்டினதும் எம்ட்டி ஓடிவந்தது. சந்தோஷமாகத் தோண்டியது. தோண்டித் தோண்டி ஒரு காய்ந்த நெத்திலியை வெளியே எடுத்து, அங்கேயே உட்கார்ந்து தின்று, நாக்கைச் சுழற்றியது. பிறகு சோற்றுத் தட்டில் எவனாவது ஒன்றுக்குப் போவானா என்று நினைத்ததோ என்னவோ, திறந்திருந்த கதவு வழியாக நொண்டிக்கொண்டே போய், குப்பம்மா வீட்டு வாசலில் கிடந்த மிதியடியில் நிதானமாக இருந்துவிட்டு வந்தது.

குப்பம்மா போட்ட கூச்சலில் கீழ்மாடிக்காரர்கள்கூட ஏறிவந்துவிட்டார்கள். அது புதன்கிழமை.

"நாயித்துக்கெயமை வரைக்கும் டைமு. அதுக்குள்ள ஒயுங்கா ஒரு எடத்துல போவுதான்னு பாரு. இல்லாங்காட்டி நானே தூக்கினு போய் காசிமேட்டுல வுட்டுடுவேன். அங்க மீனத் துன்னுகினு ராஜா மாதிரி இருக்கும்."

ராஜா மாதிரி! காசிமேட்டு நாய்களை ரமாபாய்க்குத் தெரியும். நாலு காலும் நன்றாக இருக்கிற பூனையே அங்கே சுவரேறித்தான் பிழைக்கிறது. இந்த நொண்டிக் காலோடு எம்ட்டி ஒரு ராத்திரி தாங்காது.

நாற்றம்தானே பிரச்சினை, நாற்றத்தை ஒழிப்பதில் அவளை அடிக்க ஆள் ஏது? மீன் மணலைக் கொண்டுபோய்க் கொட்டினாள். டப்பைக் கம்பெனி பினாயில் ஊற்றித் தேய்த்தாள். தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு வேறு மணல் வாங்கி வந்து, நாற்றம் அண்டாமல் இருக்க அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினாள். கோலமாவு போல அழகாக விழுந்தது. வீட்டையும் பினாயிலில் மெழுகினாள். வியாழக்கிழமை எம்ட்டி கட்டிலுக்கு அடியில் போனது. அங்கே பினாயில் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை சிலிண்டருக்குப் பின்னால் போனது. அங்கேயும் ஊற்றினாள். டப்பை இன்னொரு தரம் தேய்த்து, பவுடரை இன்னும் ஒரு பிடி தூக்கலாகப் போட்டாள்.

பூனை டப்பின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எடுத்து உள்ளே நிறுத்தினால் காலை உதறிக்கொண்டு குதித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. வயிற்றின்மேல் வந்து படுக்கவும் இல்லை.

"ஏம்மே எம்ட்டி, உனுக்கு இன்னாதான் கொற வெச்சேன்? எவ்ளோ சுத்தமா வெச்சிகிறேன் பாரு. இத்தவுட எப்டிடி கய்வுறது?" என்று அதனிடம் அழாத குறையாகக் கேட்டாள். அது திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை யார்டில் பெரிய ஆபீசர் யாரோ வருகிறார் என்று சூப்பர்வைசர் புதிதாக ஒரு கேன் ஆசிட் கொடுத்திருந்தார். ரமாபாய் மனதிலிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கழுவினாள். எட்டுக் கதவுக்குள்ளும் பளபளப்பு கண்ணைப் பறித்தது. வெளியே வந்து பிரஷ்ஷை உதறினால், டிரெய்லர் ஓட்டுகிற ஜுபைர் தன் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"அட நைனா! கக்கூஸ் கண்ணாடி கணக்கா கீது, நீ இங்க நின்னுகினு இன்னா பண்ற? வெக்கமா இல்ல?"

ஜுபைர் அவசர அவசரமாகத் திரும்பினான். கூச்சத்தில் முகம் சிவந்துபோயிற்று. "தப்பா நெனச்சிக்காதக்கா. உள்ள போனேன். கண்ணு எரியுது, மூச்சு அடைக்குது. ஆசிட்டு நெடி அப்டியே மண்டைக்கு ஏறுது. மனுசன் எப்டிக்கா உள்ள நிப்பான்? நீ கய்வாத இருந்தாகூட மூக்க மூடினு போயிடுவேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பிரஷ்ஷிலிருந்து ஆசிட் தண்ணீர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறடி மனிதனுக்கே மூச்சு அடைக்கிறது. ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, வெறும் காலோடு அந்த பிளீச்சிங் பவுடரில் இறங்கச் சொன்னால் அது எப்படி இறங்கும்? காலை உதறிக்கொண்டு குதித்தது திமிரினால் இல்லை. எரிந்திருக்கிறது. பதினோரு வருடப் பெருமையெல்லாம் சேர்த்து ஒரு வாயில்லாத ஜீவனின் பாதத்தில் கொட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கைமேலேயே ஆத்திரமாக வந்தது.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். போனதும் முதலில் ஈரத்துணியால் எம்ட்டியின் நாலு பாதத்தையும் துடைத்தாள். ஒரு பாதத்தின் நடுவில் லேசாகச் சிவந்திருந்தது. "தெரியாத பண்ட்டேன்டி, மன்னிச்சிடு" என்று அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள். வீடு முழுவதும் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், மூன்று தரம். டப்பில் ஏறிய பினாயில் வாடை எத்தனை கழுவினாலும் போகாது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உயரம் குறைவாக, நொண்டிக் காலுக்கு ஏறத் தோதாக வேறொன்று வாங்கி வந்தாள். மணலைச் சலித்து, வெறும் மணலாகக் கொட்டினாள்.

அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. வாசலுக்கு நேராகக் கக்கூஸ் கட்டிவைத்த யார்டுக்காரனை அவள் பதினோரு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். தன் வீட்டில் அவளே டப்பை வாசலுக்கு நேராக, அதுவும் பாலும் சோறும் வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். புதிய டப்பைப் பால்கனி மூலைக்குக் கொண்டுபோய், முன்னால் ஒரு பழைய புடவையைப் பாதி மறைப்பாகக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. எம்ட்டி முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து எங்கேயும் ஒன்றுக்கு இரண்டுக்குப் போகவில்லை. டப்பின் பக்கம் போய் இரண்டடி தள்ளி நின்று மோந்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல் திரும்பி வந்தது. பட்ட அடி அப்படி. ரமாபாய் சோப்புகூடப் போடாமல் குளித்துவிட்டு, சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். டீ போடவில்லை. மதி போன் பண்ணினபோதுகூட, "அப்பால பேசறேன் கண்ணு" என்று வைத்துவிட்டாள்.

பத்து மணிக்குக் குப்பம்மா வந்தாள். கையில் கோணிப்பை, அதன் வாயைக் கட்டக் கயிறு.

"இன்னா ரமா, போச்சா?"

"பத்தே நிமிசம்க்கா. சித்த நேரம் குந்து. அதும் மேல தப்பு இல்லக்கா, நாந்தான் பேஜாரு பண்ட்டேன். எரியற மருந்தக் கொட்டி வெச்சிட்டு அத்தப் போவச் சொன்னா எப்டிப் போவும்? இன்னிக்கிப் போவலன்னா..." அவள் எம்ட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இது இல்லாத இந்த வூட்டுல நா இன்னாக்கா பண்ணப் போறேன்?"

குப்பம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கோணியை மடித்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு பூனை ஒன்றுக்குப் போகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

எம்ட்டி எழுந்தது. பால்கனிக்குப் போய், டப்பின் விளிம்பை மோந்தது. ஒரு முன்னங்காலை மட்டும் மணலில் வைத்துப் பார்த்தது. வைத்த காலை எடுக்கவில்லை. இன்னொரு காலை வைத்தது. நொண்டிக் காலையும் தூக்கி உள்ளே வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, சிறியதாக ஒரு குழி தோண்டி, அதன்மேல் உட்கார்ந்து, இவர்களைப் பார்க்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

ரமாபாய் குப்பம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

முடித்துவிட்டு எம்ட்டி இறங்கி ஓடவில்லை. திரும்பி நின்று மோந்து பார்த்தது. முன்னங்காலால் மணலை இழுத்து அதன்மேல் போட்டது. மறுபடி மோந்தது, மறுபடி இழுத்துப் போட்டது. அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து, அவசரமே இல்லாமல் மூடிக்கொண்டிருந்தது.

"அடியாத்தே, மூடுது பாரேன்!" என்றாள் குப்பம்மா. இத்தனை வயதுக்கு அவள் ஒரு பூனையைக் கடைசிவரை நின்று பார்த்ததில்லை.

ரமாபாய் டப்பைக் கைகாட்டினாள். "பதினோரு வருசம்க்கா. எத்தினி ஆயிரம் பேரு வந்து போய்கிறான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு வந்தவன் கெடையாது. எவளோ ஒருத்தி வந்து அள்ளுவாளேன்னு நெனச்சவன் கெடையாது. இது பாருக்கா. எனுக்கு ஒரு வேல வெக்கக் கூடாதுன்னு மூடுதுக்கா." சொல்லிவிட்டு அவள் அழுதாள். புருஷன் அறிவு போனபோது அழுத அழுகைக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

டப்பின் ஓரத்தில் கொஞ்சம் மூடாமல் தெரிந்தது. அழுதுகொண்டே, பழக்கத்தில், ரமாபாய் மணலைத் தள்ளிவிட எழுந்து போனாள்.

குப்பம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "வுடு ரமா. அதுவே மூடிக்கும். நீ குந்து."

ரமாபாய் உட்கார்ந்தாள்.