மோட்டார் சைக்கிளும் கடல் பார்க்காத வாளியும்

அக்காளின் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. அவருடைய மோட்டார் சைக்கிளைக் கடற்காற்று தின்றுகொண்டிருந்தது. தீபாவளிக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: "மதுரையில கடல் கெடையாது. வண்டிய ஒங்கிட்ட அனுப்புறேன் மாப்ள. பொங்கலுக்கு வந்து பாப்பேன். துரு ஏறாம இருந்தா ஒனக்கே ஒனக்கு."

வண்டி ரயிலில் வந்து இறங்கியது. பழைய துருவை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தே எடுத்துவிட்டேன். நான் கல்லூரியில் ரசாயனம் படித்தவன். இரும்புக்கு எமன் உப்பு. உப்பைக் கழுவிவிட்டால் தீர்ந்தது. தினமும் காலையில் கொல்லைக் கிணற்றில் இறைத்து, வாளி வாளியாக ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்தேன்.

காய்ந்ததும் கறுப்பு டாங்கியின் மேல் வெள்ளையாக ஒன்று பூத்தது. தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரும்புக்குள் ஊறிக் கிடந்த கடல் உப்பு வெளியே வருகிறது! அன்றிலிருந்து சாயங்காலமும் கழுவினேன். இன்னும் பூத்தது. ஒரு வண்டி எவ்வளவு கடலைத்தான் குடித்திருக்கும்? அதற்குள் சக்கரக் கம்பிகளில் சிவப்புப் புள்ளிகள்.

ஒருவேளை காற்றா? மாடியில் ஏறி நின்று உதட்டை நக்கிப் பார்த்தேன். கரித்தது. வியர்வையா, காற்றா? அதிலும் குழப்பம். பசுமலையிலிருந்து வந்த சிநேகிதன் சிரித்தான்: "வைகையிலயே தண்ணியக் காணோம், ஒனக்கு மட்டும் கடல் எங்கிட்டுருந்துடா வருது?"

பொங்கலுக்கு முதல் நாள் அத்தான் வந்தார். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. குனிந்து கம்பிகளைப் பார்த்தார்.

"கடக்கரையிலகூட இம்புட்டு இல்லியே மாப்ள!"

"உங்க கடல்தான் அத்தான். இன்னும் வெளியே வந்துக்கிட்டே இருக்கு."

அம்மா அவர் கால் கழுவுவதற்காக வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். வாளியின் விளிம்பில் அதே வெள்ளை. அந்த வாளி பிறந்ததிலிருந்து கடலையே பார்த்ததில்லை. விரலால் சுரண்டி வாயில் வைத்தேன்.

"மாப்பிள்ளை முன்னாடி வாளிய எதுக்குடா நக்குற?"

"உப்பும்மா!"

"உப்புக் கெணறு உப்பாத்தான இருக்கும்? இதுல பருப்பு வேகாமத்தான தெருக்குழாயில நல்ல தண்ணிக்கு நிக்கிறேன்."

எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து குடிப்பது குடத்துத் தண்ணீர், குளிப்பது கிணற்றுத் தண்ணீர். ஆனால் கழுவுகிற தண்ணீருக்கு ருசி உண்டு என்று மட்டும் தோன்றவேயில்லை.

"வண்டிக்குத் தினம் ஒரு குடம் நல்ல தண்ணி குடும்மா."

"நீயே அதுல குளிச்சதில்ல. வண்டி குளிக்குமோ?"

அத்தானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் கழுவுனதே இல்ல மாப்ள. வெளக்கெண்ணெயத் தடவிப் போட்டுருவேன். கடல் மெதுவாத்தான் தின்னுச்சு, நீ உப்ப ஊட்டியில்ல விட்டிருக்க! வேண்டாம், அங்கனயே கொண்டு போறேன்."

"இன்னும் ஒரு மாசம் பாருங்க அத்தான்..."

"ஒரு மாசத்துல சக்கரம் இருக்குமா?"

மறுநாள் அவனியாபுரத்துக்கு ஜல்லிக்கட்டுப் பார்க்கப் போனோம். அவர் ஓட்டினார். எனக்குச் சொந்தமாகியிருக்க வேண்டிய வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடல் இல்லாத ஊரிலிருந்து வண்டி கடலுக்கே தப்பிப் போகிறதே என்று நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. இறங்கிப் பார்த்தால் என் புது வேட்டியின் ஓரமெல்லாம் துருக்கறை. அம்மா அதையும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் துவைத்தாள்.