ஓநாய் இல்லை என்று சொன்னேன்

என் தம்பி கனடாவுக்குப் போகும்போது அந்த நாயை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். "ரெண்டு கிழமைதான் அக்கா. அங்க வீடு எடுத்த உடன கூப்பிடுறன்" என்றான். ஹஸ்கி இன நாய்க்குட்டி என்று இணையத்தில் யாரோ சொன்னதை நம்பி வாங்கியவன் அவன். எங்கள் குடும்பத்தில் யார் எதை நம்பினாலும் அது கடைசியில் என் தலையில்தான் விடியும்.

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுப் பின்வளவு இரண்டு கட்டில் போடுகிற அளவுதான். அதற்குள் அது மூலைக்கு மூலை நடந்தது. குரைக்கவே இல்லை. குரைக்காத நாயை எப்படி நம்புவது? நீளக் கால், மஞ்சள் கண். சாப்பாட்டை வைத்துவிட்டு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை வாய் வைக்காது. நான் அதைச் சந்தேகப்பட்டேன், அது என்னைச் சந்தேகப்பட்டது. என் கணவர் மட்டும் வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற ஆள். "பாவம், புது இடமெல்லே" என்றார்.

இரண்டு கிழமை எட்டு மாதமானது. அதற்குள் அது வேலிக்கு அடியில் ஒரு ஆள் நுழையக்கூடிய கிடங்கு தோண்டியிருந்தது. அம்புலன்ஸ் போனால் தலையை உயர்த்தி ஊளையிடும். நான் உடனே டிவியின் சத்தத்தைக் கூட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டி, "நாய் சுகமாக இருக்கிறதா?" என்று கேட்டாள். ஆடு நனையுதென்று ஓநாய் அழுததாம் என்று மனதில் நினைத்துக்கொண்டேன். அவள் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதப் போகிறாள் என்பதில் எனக்கு ஐமிச்சமே இல்லை. இன்றுவரை எழுதவில்லை என்பது வேறு கதை.

கால் வெட்டுப்பட்ட ஒருநாள் அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் பல்லைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதில் ஓநாய்க் கலப்பு இருக்கும்போல இருக்கிறது, கலப்புக் கூடுதலாக இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது, வழக்கமான நாய்க் காப்பகங்களும் எடுக்காது என்றார். போக இடம் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். ஊசிதான் என்றார். இரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று அவர் கேட்டதற்கு நான் விடவில்லை. ஒருமுறை கடதாசியில் ஏறியது இறங்காது. அவர் ஒரு மிருகக் காப்பகத்தின் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்து ஏதோ விளக்க வந்தார். ஏன் இவ்வளவு அக்கறை என்ற யோசனையில் நான் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அன்று தம்பியை அழைத்தேன். "எனக்கு ஏலாது அக்கா. இங்க பிளாட்டில நாய் வைக்க விடமாட்டினம். ஆருக்காவது குடுங்கோ" என்றான். ஏதோ பழைய சோபாவைக் கொடுக்கச் சொல்வதுபோலச் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பி யன்னலால் பார்த்தேன், அது கட்டுப் போட்ட காலோடு மழையில் நின்றது. அது சாகக்கூடாது என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன்.

வைத்தியர் தந்த இலக்கத்துக்கு அழைத்தேன். காப்பகத்தில் இருந்து ஒரு வெள்ளைக்காரி வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பார்ப்பது, கேள்வி கேட்பது, படிவம் நிரப்புவது எல்லாம் எனக்குப் புதிதல்ல. அவள் வருவதற்கு முதல்நாளே கணவரை இருத்திப் பாடம் எடுத்தேன்.

"ஓநாய் எண்ட சொல்லு வாயில வரக்கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில். சாதுவான நாய், அவ்வளவுதான்."

"உண்மையைச் சொன்னா என்னப்பா? உதவி செய்யத்தானே வருகினம்."

"உண்மையைச் சொல்லி ஆரை இந்த நாட்டுக்குள்ள விட்டவங்கள்? நீங்கள் பேசாம இருங்கோ."

காலையில் கிடங்கை மூடி அதன்மேல் கறிவேப்பிலைச் சாடியை இழுத்து வைத்தேன். நாய்க்கு வயிறு முட்ட ஆட்டு எலும்பு போட்டேன். வந்தவள் சேறு பிடித்த சப்பாத்தோடு, சிரித்த முகமாக இருந்தாள். சிரித்தபடி கேள்வி கேட்பவர்கள்தான் ஆகப் பொல்லாதவர்கள்.

பின்வளவில் நின்று நெடுநேரம் பார்த்தாள். அது ஆகத் தூரத்து மூலையில் நின்றது. பிறகு குசினி மேசையில் இருந்து கேட்கத் தொடங்கினாள். கிடங்கு தோண்டுமா? இல்லை. ஊளையிடுமா? ஒருநாளும் இல்லை. குரைக்குமா? நன்றாகக் குரைக்கும். வேலி பாயுமா? சீச்சீ. புது ஆட்களைக் கண்டால்? வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். கணவர் தேத்தண்ணிக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் கண் வெட்டாமல் பதில் சொன்னேன்.

அவள் பேனையை மூடினாள். நல்ல செய்தி என்றாள். இது ஓநாய்க் கலப்பு இல்லை. அப்படித் தோற்றம் உள்ள நாய்கள் ஏராளம், குணம்தான் காட்டிக்கொடுக்கும் என்றாள். தங்களிடம் இருக்கிற கொஞ்ச இடம் வேறெங்கும் போகமுடியாத ஓநாய்க் கலப்புகளுக்கு மட்டும்தான், இவ்வளவு சாதுவான நாயைச் சாதாரணக் காப்பகமே எடுத்துக்கொள்ளும் என்று எழும்பினாள்.

சாதாரணக் காப்பகம் அதை ஒரு கிழமையில் கண்டுபிடித்துவிடும். பிறகு ஊசி. நான்தான் அதைக் கொல்லப் போகிறேன் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

ஆனால் வாய் வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் அகதி விசாரணையில் ஒரு திகதியைப் பிழையாகச் சொல்லி, பிறகு திருத்தினேன். முதல் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒத்துவரவில்லை, ஆகவே நம்பமுடியாது என்று கடிதம் வந்தது. அந்த ஒரு திருத்தத்தால் ஆறு வருடம் அலைந்தேன். அதற்குப் பிறகு எந்த அதிகாரியிடமும் சொன்ன சொல்லை மாற்றியதில்லை. பிழையானாலும் அதிலேயே நிற்பேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான்.

அவள் கதவடிக்குப் போய்விட்டாள். "பொறுங்கோ" என்று தமிழில் கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில், "நான் பொய் சொன்னேன். எல்லாம் பொய்" என்றேன். அவளைப் பின்வளவுக்கு இழுத்துப் போய்ச் சாடியைத் தள்ளிக் கிடங்கைக் காட்டினேன்.

அவள் கோபிப்பாள், கதவைச் சாத்திக்கொண்டு போவாள் என்று நின்றேன். அவள் குந்தியிருந்து கிடங்குக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்து எல்லாப் பதில்களையும் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, முதல் கேள்வியில் இருந்து திரும்பக் கேட்டாள். அவ்வளவுதான். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசிக் கேள்வி, அது உங்களை நம்புகிறதா என்பது.

"இல்லை" என்றேன். "நானும் அதை நம்பேல்லை. ஆனா அது சாகக்கூடாது." இதற்கு ஆங்கிலம் வரவில்லை. கணவர்தான் சொன்னார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

பத்து நாளில் வந்து ஏற்றிப்போனார்கள். இரத்தப் பரிசோதனை, லைசென்ஸ் எல்லாம் தங்கள் பொறுப்பு என்றார்கள். நல்ல படங்கள் அனுப்பினார்கள். படத்தை யார் நம்புவது? நாலு மாதம் பொறுத்து, ஆட்களுக்குத் திறக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றோம். லண்டனுக்கு வெளியே, வயல் நடுவே, உயரமான கம்பிவேலி. உள்ளே மரங்கள். காயம் இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் போனேன்.

மரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டை நாயோடு அது வந்தது. கொழுத்திருந்தது. என்னைக் கண்டு நின்றது. எங்கள் வீட்டில் அது இருந்த எட்டு மாதமும் முதுகைச் சுவரோடு ஒட்டித்தான் படுத்தது. ஒருநாள்கூட அது கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. இப்போது கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது. பிறகு திரும்பி, வெயில் விழுந்த புல்லில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்து நித்திரையானது.

"பாத்தீரே, உம்மை மறந்திட்டுது" என்றார் கணவர்.

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிற சனத்துக்கு வெட்கப்படாமல் அழுதேன்.