மலையைக் கடலாக்க மறுத்தவர்

புவனேஸ்வரி டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் நுவரெலியாவில் ஆசிரியர் கூட்டமொன்றில் இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடக் காவலாளி ராமையா தொலைபேசியில் அழைத்தார். "சார், நம்ம டீச்சர் போயிட்டாங்க. காலையில இழுப்பு கூடிப்போச்சு. தோட்டத்து லொறியில ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனாங்க. கீழ ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. லொறியத் திருப்பக்கூட முடியலைங்க சார்."

அந்தப் பாதை மழைதோறும் சரிகிறது. மழைதோறும் மண்ணை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, திருத்திவிட்டோம் என்கிறார்கள். டீச்சரை ஆஸ்துமா கொன்றது என்று நான் எழுத மாட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த மழைக்காலமும் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருப்பதைத் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் பார்த்துச் சொன்னார்கள். டீச்சரே தோட்ட அலுவலகத்துக்குப் போய் நிர்வாகியான துரையிடம் முறையிட்டார். மழை விடட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது. மழை விடவில்லை. டீச்சர் வட்டவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று மலை இறங்கியது. லயத்தில் இருந்த பலரோடு அவருடைய அம்மாவும் தங்கையும் மண்ணுக்குள் போனார்கள். தங்கையின் உடல் கிடைக்கவேயில்லை.

சில வாரங்களில் டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். மழை இரைந்தால் பிள்ளைகள் பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்ப்பார்கள். பாடம் ஓடாது. அப்போதுதான் அவர் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். அது வளர்ந்து நாவலானது.

செம்பா என்ற சிறுமியின் ஊரை மலை விழுங்கிவிடுகிறது. அவள் மலையின் வயிற்றுக்குள் இறங்கிப்போய் நியாயம் கேட்கிறாள். ஆட்களைத் தர முடியாது, குரல்களை வேண்டுமானால் எடுத்துப்போ என்கிறது மலை. ஒவ்வொரு குரலையும் உரியவரிடம் சேர்க்கிறாள் செம்பா. கடைசியில் எஞ்சுவது அவளுடைய அம்மாவின் குரல். அது சொல்வது இவ்வளவுதான்: "கதவச் சாத்துடி, பனி உள்ள வருது."

டீச்சர் நாவலை அனுப்பியிருந்த, அச்சிட நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் பள்ளிக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. "நல்லாத்தான் எழுதியிருக்கிறியள் டீச்சர். ஆனா மலை கதைக்கிறதெல்லாம் என்னத்துக்கு? உங்கட சனத்தின்ர கஷ்டத்தை உள்ளபடி எழுதுங்கோவன்" என்றார்.

"கஷ்டத்தைத்தாங்க எழுதியிருக்கேன். லயத்துப் பிள்ளைங்க கற்பனை பண்ணினா அது கதையில சேராதுங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

அதிகாரி சிரித்துக்கொண்டே போனார். நாவல் திரும்பி வந்தது.

சுனாமிக்குப் பிறகு நாட்டுக்கே ஆறுதல் புத்தகங்கள் தேவைப்பட்டன. கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்து இளைஞர் தேடி வந்தார். வண்ணப் படங்களுடன் அச்சிடுவதாகச் சொன்னார். ஒரேயொரு திருத்தம் கேட்டார்: மலையைக் கடலாக மாற்றித் தர வேண்டும். பக்கத்திலிருந்த எனக்கு, டீச்சர் சம்மதித்துவிடலாமே என்றுகூடத் தோன்றியது. டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"கடக்கரைப் பிள்ளைங்களுக்கும் இந்தக் கதை போகட்டும் தம்பி. மலையாவே போகட்டும். எங்க ஆளுங்க மேல கெடக்கிற மண்ண அள்ளி என்னையே கடல்ல கொட்டச் சொல்லாதீங்க."

பிறகு ஹட்டனில் ஒரு சின்ன அச்சகத்தில் தாமே அச்சிட்டார். மங்கலான எழுத்து, மட்டமான தாள். பிள்ளைகள் புத்தகத்தின் தையல் விடும்வரை படித்தார்கள். தகப்பனை அந்தச் சரிவில் இழந்த கோகிலா மட்டும் படித்து முடித்துவிட்டுக் கோபத்தோடு வந்தாள். "மலை கடைசிவரைக்கும் மன்னிப்பே கேக்கலையே டீச்சர்?"

"கேக்காதும்மா."

"அப்ப செம்பாவுக்கு எப்பிடிச் சரியாகும்?"

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "தேறுறதுன்னா மறக்குறதில்ல. மறுபடி சண்டை போடத் தெம்பு வர்றது" என்றார். கோகிலா முகம் தெளிந்து போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வகுப்பில் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

மரண வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். மலை பேசக்கூடாது என்றவர் நெடுநேரம் பேசினார். மலையகத்தின் தனிக்குரல் என்றார். புத்தகத்தை மறுபதிப்புச் செய்வோம் என்று இன்னொருவர் அறிவித்தார். உயிரோடிருந்தவரின் ஒரு பக்கத்தைக்கூட இவர்கள் அச்சேற்றவில்லை. தோட்டத்திலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. அதைச் சுமந்து வந்தவர்களும் சரிந்த மண்ணின் மேல் ஏறித்தான் வந்திருந்தார்கள்.

டீச்சர் எனக்கு ஆறுதல் எதையும் விட்டுப்போகவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான். அடக்கம் முடிந்ததும் புதிய துரை என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். மலையடியில் இன்னும் இருக்கிற குடும்பங்களை எப்போது வேறிடத்துக்கு மாற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"மாஸ்டர், அதைப் பேசுற நேரமா இது?" என்றார்.

நான் கையை விடாமல் மறுபடியும் கேட்டேன்.