அக்காவின் உபகாரச் சம்பளமும் இரவல் நாற்காலியும்

யுத்தம் முடிந்த வருஷம் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். செஞ்சியில் எங்கள் தெருப் பெண்கள் யாரும் அதுவரை செய்யாத காரியம். மெட்ராஸ் காலேஜில் இடமும் கிடைத்தது. ஆனால் சர்க்கார் உபகாரச் சம்பளம் வந்தால்தான் படிப்பு. வராவிட்டால் நைனாவோடு குத்தகைக் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்க வேண்டியதுதான். குடும்பம் ஏழைதானா என்று பார்த்து எழுத ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு ஆபீசர் வருகிறார் என்பது மட்டும்தான் அம்மாவின் காதில் ஏறியது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதையெல்லாம் செய்தாள். கடைத்தெருச் செட்டியாரிடம் பிரம்பு நாற்காலி, மாதா கோயில் உபதேசியார் வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரம், பெரியம்மாவிடம் பித்தளை அண்டா என்று எல்லாம் இரவலாக வந்து இறங்கின.

"அவரு நம்ம இல்லாமையப் பாக்கத்தான் வராரு" என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுக்கின்னா, வூட்டுக்கு வர்ற மனுசன தரையில குந்த வெக்கிறதா? நாளைக்கு இவள எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா. அவளிடம் நைனா ஜெயித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சர்க்கரை போட்ட காப்பி குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். "வசதிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல போல" என்று பேனாவைத் திறந்தார். அக்காவின் முகம் வெளுத்துப்போனது. நைனா வாயெடுத்தார், அம்மா பார்த்த பார்வையில் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

எனக்கு அப்போது ஏழு வயது. நாற்காலியைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் தகப்பன் தாய் பார்க்க மாட்டேன். நேரே இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன்.

"கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? செட்டியாரு கடைய மூடிடுவாரு. நாற்காலியக் குடுத்துட்டு வரணும்."

எழுந்தவர், "கடிகாரம்?" என்று கேட்டார்.

"உபதேசியார் வூட்டுது. அண்டா பெரியம்மாது. சர்க்கரையும் அவங்கள்துதான்."

கேட்காததற்கும் பதில் சொன்ன பெருமையோடு நின்றேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு எழுதி, நைனாவுக்குப் படித்துக் காட்டினார்: "சொந்த நிலம் இல்லை. மிகவும் ஏழ்மையான குடும்பம்."

அவர் போனதும் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஒரே வாசகத்தைக் கேட்டு ஒருத்தி குதிப்பதும் ஒருத்தி அழுவதும் எனக்கு விளங்கவில்லை. ரேஷன் சர்க்கரையைப் பெரியம்மாவுக்குத் திருப்பித் தர வேண்டுமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.