நெயில் பாலிஷ் வைத்த ஸ்க்ரூ

1. திங்கள் காலை எட்டு மணி. அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் புது வயரிங் போட்டு முடித்தேன். ஹெட்லைட், ஹாரன், பின்விளக்கு, பிரேக் விளக்கு நான்கும் வேலை செய்தன. நோட்டில் நான்கு டிக் போட்டுவிட்டு ஆபீஸ் போனேன்.

2. திங்கள் மாலை. லைட் சுவிட்சைப் போட்டால் பிரேக் விளக்கு பளீரென்று எரிந்தது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கலாக எரிந்தது. எல்லா வயர்களும் வந்து சேரும் ஹெட்லைட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே பச்சை வயரும் பழுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. சரிசெய்தேன்.

3. செவ்வாய் காலை. மறுபடி நான்கு டிக். ஹெட்லைட்டை மூடும் ஸ்க்ரூவின் தலையிலிருந்து கறுப்புக் கூடு வரைக்கும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். யாராவது ஸ்க்ரூவைத் திருகினால் கோடு உடைந்துவிடும். ஆபீஸில் சோதனைக் கருவிகளுக்கும் நாங்கள் இப்படித்தான் செய்வோம்.

4. செவ்வாய் மாலை. கோடு உடைந்திருந்தது. சாவியைப் போட்டதுமே பிரேக் விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதித்தால்தான் ஹாரன் அடித்தது. இந்தமுறை சிவப்பும் பச்சையும்.

வயர் தானாக இடம் மாறாது. பகலில், நான் இல்லாத நேரத்தில், யாரோ ஹெட்லைட்டைத் திறக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். பழைய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். போன மாதம் பிரேக் விளக்கு எரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறையும் திருப்பி அனுப்பினால் வண்டியை அத்தை மகனுக்குக் கொடுத்துவிடுவதாக அப்பா அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஞாயிறு காலை போலாரம் ராணுவ மைதானத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் அந்த வண்டியில் போய்வருவார். அதைத் தவிர அவர் தனியாக வெளியே போவதை நான் பார்த்ததில்லை.

நோட்டில் சந்தேகப் பட்டியல் எழுதினேன். எலி முதலில் இருந்தது. எலிக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது என்று அடித்துவிட்டேன்.

இரண்டாவது, எதிர்வீட்டு மெக்கானிக். மூன்று தலைமுறைக்கு முன்பே ராணுவ முகாமுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம் அவருடையது, பேச்சில் இந்த ஊர் உருது கலந்திருக்கும். எங்கள் ஹெட்லைட் கூட்டின் மேல் அவருக்கு ஒரு கண் உண்டு. எங்கள் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. புதன் காலை போய்க் கேட்டேன்.

"என்னம்மா, போலீஸ் மாதிரி நிக்கற? உன் வயரு எனக்குக் கைக்கு, எதுக்கு?"

"கூடு வேணும்னு கேட்டீங்கல்ல?"

"ஹவ், கேட்டேன். கேட்டா குடுப்பாங்கன்னு கேட்டேன். கழட்டணும்னா கூட்டையே கழட்டியிருப்பேன். உள்ள இருக்கற வயரை மாத்தி வெச்சு வெளாடறதுக்கு நான் என்ன சின்னப் புள்ளையா? நக்கோம்மா, இங்க வேணாம், உன் வீட்டுக்குள்ள தேடு."

அது எனக்குப் பிடிக்கவில்லை. பதில் சரியாக இருந்ததால் பிடிக்கவில்லை.

மூன்றாவது, அம்மா. வண்டி போனால் போர்டிகோவில் துணிக் கொடி கட்டலாம் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"ஆமாட்டி, எனக்கு வேற சோலி இல்ல பாரு" என்றார், கருவேப்பிலையை உருவிக்கொண்டே. "தூக்கிப் போடணும்னா மொத்தமாத் தூக்கிப் போடுவேன். ஒவ்வொரு வயரா எதுக்குப் பிடுங்குதேன்?"

அப்பாவை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. வண்டி போனால் நஷ்டம் அவருக்குத்தான்.

அன்று வீட்டிலிருந்தே வேலை செய்வதாக ஆபீஸுக்குச் சொன்னேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாடி அறையின் ஜன்னலிலிருந்து போர்டிகோ முழுவதும் தெரியும். பதினொரு மணிக்கு அப்பா வந்தார். முக்காலியைப் போட்டு, வண்டிக்கடியில் செய்தித்தாளை விரித்தார். ஸ்க்ரூவில் நான் மறுபடி இழுத்திருந்த சிவப்புக் கோட்டை அவர் பார்க்கவே இல்லை. நேராகத் திருகினார். எந்தத் திருடனும் பார்த்திருப்பான்.

ஒரு பென்சில் செல்லும் குட்டி பல்பும் சேர்த்துக் கட்டிய சோதனை விளக்கு அவரிடம் இருந்தது. வயர்களை உருவி, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று விளக்கை வைத்துப் பார்த்து, தாளில் எழுதினார். திரும்ப மாட்டும்போதுதான் கவனித்தேன். மஞ்சளையும் நீலத்தையும் எடுத்த கையோடு மாட்டினார். அடுத்த வயரை வெயிலில் காட்டித் திருப்பினார். தன் வெள்ளைச் சட்டையின் மேல் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தார். யோசித்து, மாட்டினார். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு.

என் நோட்டைப் புரட்டினேன். இடம் மாறியவை சிவப்பு, பச்சை, பழுப்பு மட்டும்தான். மஞ்சள், நீலம், கறுப்பு ஒருமுறைகூட மாறவில்லை.

வண்டிக்கு அப்பா போட்டிருந்த பழைய வயரிங் முழுவதும் வெள்ளை. ஒவ்வொரு முனையிலும் சின்ன உறை, அதில் எண். பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்பா வேலை பார்த்தார். விமானத்தில் வயர்கள் பெரும்பாலும் வெள்ளைதான், எண்ணை வைத்துத்தான் அடையாளம். எங்கள் வண்டி விமானம் மாதிரி என்று காலேஜில் பெருமை அடித்திருக்கிறேன். உறைகள் வெடித்துப் போனதால் அத்தனையையும் பிடுங்கிவிட்டு, அவரைக் கேட்காமல் கலர் வயர் வாங்கிவந்தேன். "கலர் எதுக்குட்டி? வெள்ளையே போதும்லா" என்றார். பழைய பழக்கம் என்று நினைத்தேன்.

ஜன்னலில் நின்றபடி மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. சேர்ந்த வருடமே அசெம்பிளியிலிருந்து வயர் பட்டியல் எழுதும் பிரிவுக்கு மாறியவர் அப்பா. கையெழுத்து அழகு என்று மாற்றினார்களாம். காய் எது, பழம் எது என்று பார்த்துத் தக்காளி வாங்க அம்மா அவரை ஒருநாளும் அனுப்பியதில்லை.

கீழே இறங்கினேன். என்னைக் கண்டு திடுக்கிட்டார்.

"ஆபீஸ் போகலையா?"

"என்ன பாக்குதிய?"

"சும்மாதான். காத்துக்குத் தொறந்து வச்சேன்."

"ஹெட்லைட்டுக்கா காத்து?"

அவர் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தேன். ஒன்று முதல் பதினேழு வரை எண்கள், எங்கிருந்து எங்கே என்று அழகான கையெழுத்து. என் பட்டியலில் நிறத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அவருடையதில் இல்லை.

"வழியில நின்னுட்டா எந்த வயரு எங்க போகுதுன்னு தெரியணும்லா" என்றார். "வெள்ளையில நம்பர் இருந்துச்சு. இதுல ஒண்ணுமே இல்ல."

ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்னபோது அவருடைய மடியில் ஆறு நிறங்கள் கிடந்தன.

கேட்டிருக்கலாம். என் நோட்டில் கேள்வி தயாராக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவருடைய செருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"நம்பர் போட்டுருவோம்பா. நீங்க எழுதுங்க, நான் மாட்டுதேன்."

"இன்னிக்கேவா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும்லா."

உள்ளே போய், தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எடுத்துவைத்த வெள்ளை உறைக் குழாயைக் கொண்டுவந்தார். அவர் எழுதி வெட்டித் தந்தார். நான் கோத்து மாட்டினேன். எந்த வயர் என்று அவர் நிறம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் அவருடைய விளக்கில் பார்த்து எண் சொன்னோம். அம்மா காபி கொண்டுவந்தார். "ஒருவழியா வெள்ளையடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு, என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

வெள்ளிக்கிழமை அதிகாரி பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

இப்போதைய நிலை இது. பதிவு ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. வண்டி போர்டிகோவில் நிற்கிறது. பதினேழு வயர்களுக்கும் இரு முனையிலும் எண் இருக்கிறது. அப்பாவின் பட்டியல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஸ்க்ரூவில் நெயில் பாலிஷ் உடைந்தபடியே இருக்கிறது. அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை.