குளம் மேலே, வடக்கு கீழே

எனக்கு எரிச்சல் மூட்ட இரண்டு வகை ஆட்கள் போதும். ‘தீவு என்றால் தண்ணீர்’ என்று எழுதிவிட்டு, மணி அடிக்கும்வரை பென்சில் சீவிக்கொண்டிருக்கும் தரம் ஏழுப் பிள்ளைகள் ஒரு வகை. தீவின் வரைவிலக்கணத்தைச் சரியாகப் பாடமாக்கிவிட்டு, அந்த வரைவிலக்கணத்தோடேயே சண்டைக்குப் போகும் என் மச்சாள் மற்ற வகை. பிள்ளைகளையாவது மணி அடித்ததும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரலாம். மச்சாளின் வீடு எங்கள் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார். குடாநாட்டிலிருந்து வந்து, குளத்தின் கீழே காணி எடுத்து, நெல் விதைத்து வாழ்கிற குடும்பம் அவர்களுடையது. நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, கலியாணம் செய்து, இந்த வயல்களுக்கு நடுவே வந்து சேர்ந்தவள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் படிப்பிக்கிறேன்.

மச்சாள் எங்கள் குடியேற்றத்தின் முன்பள்ளியில் ஆறு வருஷமாகத் தொண்டராக இருந்தார். அழுகிற பிள்ளை எதுவானாலும் அவர் இடுப்பில் ஏறினால் அழுகையை நிறுத்திவிடும். அவரை நிரந்தரமாக்குவதற்கு முன்பள்ளியை நடத்துகிற குழுவுக்கும் விருப்பம்தான். ஆனால் சாதாரண தரச் சோதனையில் ஆறு பாடம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்பது விதி. மச்சாளிடம் இருந்தது ஐந்து. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், இரவல் பேனையால் எழுதி எடுத்த ஐந்து. இந்த ஒரு சோதனைவரை பொறுக்கிறோம், அதற்குள் ஆறாவதை எடுத்துத் தந்தால் இடம் உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கவேண்டி வரும் என்று குழுத் தலைவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாவது பாடமாக எதையும் எடுத்திருக்கலாம். சமயம் எடுங்கோ என்று நானே சொன்னேன். மச்சாள் கேட்கவில்லை. வீட்டுக்குள் புவியியல் ரீச்சரை வைத்துக்கொண்டு வேறு பாடம் எடுத்தால் ஊர் சிரிக்கும் என்றார். அந்த வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன். அந்தப் பெருமைக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, உடுப்பு மாற்றி, மூன்று மணிபோல என் குசினியில் வகுப்பு தொடங்கும். நான் மீனோ மரக்கறியோ வெட்டிக்கொண்டு கேள்வி கேட்பேன். மச்சாள் கதிரையில் நிமிர்ந்திருந்து, மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு பதில் சொல்லுவார். பதில் சரியாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் வழக்கு.

நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலம் தீவு என்று ஒப்புவித்த கையோடு, மாரியில் நம் வளவையும் நான்கு பக்கம் வெள்ளம் சூழ்ந்து நிற்கிறதே, அப்போது இதுவும் தீவா என்று கேட்டார். இல்லை, அது வெள்ளம் என்றேன். எத்தனை நாள் நின்றால் தீவு என்று கேட்டார். பாடநூலில் நாள் கணக்கு இல்லை என்றேன். அப்படியானால் பாடநூல் எழுதினவர் மாரியில் இந்தப் பக்கம் வரவில்லை என்று முடித்தார். அடுத்தது குடாநாடு. மூன்று பக்கம் கடல் என்பதை மச்சாள் ஏற்றுக்கொள்ள மாட்டார். அங்கே பிறந்து, பதின்மூன்று வயதுவரை வளர்ந்த தனக்கு ஒரு பக்கக் கடல்தான் தெரியும், மற்ற இரண்டையும் யார் பார்த்தது என்று கேட்டார். அன்றைக்கு நான் வெட்டிய கத்தரிக்காய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருந்தது என்று என் கணவர் இரவுச் சாப்பாட்டில் குறை சொன்னார்.

வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு கிழமை போனது. ஒரு இடத்தில் ஒரு குறுகிய நேரத்தில் இருக்கும் வளிமண்டல நிலை வானிலை, நீண்ட காலத்துக்கான அதன் சராசரி காலநிலை. இதைப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டுப் போவார்கள். மச்சாளுக்கு அது போதாது. வெட்டின நெல்லைக் காயப்போட்ட அன்று பெய்தால் வானிலை, ஒவ்வொரு வருஷமும் காயப்போட்ட அன்று பார்த்துப் பெய்தால் காலநிலை என்று தன் சொந்த விளக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்தார். பிழை என்று வெட்டப் போன என் கை நின்றுவிட்டது. உண்மையில் அதில் பிழை இல்லை. ஆனால் திருத்துகிறவர் இதற்குப் புள்ளி போடமாட்டார், புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கோ என்று கத்தினேன். ஓம், நான் கத்துகிற ஆள்தான்.

ஒரே ஒரு பாடத்தில்தான் மச்சாள் என்னை வாயடைக்க வைத்தார். சமவுயரக் கோடு. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு என்று நான் பதினொரு வருஷமாகப் படிப்பிக்கிறேன். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அடுக்கடுக்காகச் சீவிக் காட்டுவேன். வகுப்பில் பாதிப் பேருக்குக் கிழங்குதான் நினைவில் நிற்கும். அன்றும் கிழங்கும் கையுமாக நான் தொடங்க, மச்சாள் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்தபடி, இது எங்களுடைய வயல் வரம்புதானே என்றார். தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிற இடத்தைச் சுற்றித்தானே வரம்பு கட்டுகிறோம், நிலம் சரிவாக இருந்தால் வரம்பும் கிட்டக் கிட்ட வரும், மட்டமாக இருந்தால் தள்ளித் தள்ளிப் போகும் என்றார். கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மென்சரிவு என்று நான் மூன்று பாடவேளை எடுத்து விளங்கப்படுத்துகிற விஷயம் அது. கிழங்கைக் கறிக்குள் போட்டுவிட்டேன்.

அதோடு எனக்கு நம்பிக்கை வந்தது. ஆறாவது பாடம் வந்துவிடும் என்று கணவரிடமும் சொன்னேன். அடுத்த நாள் படம் வரைதல் தொடங்கினோம். வீட்டிலிருந்து முன்பள்ளிக்குப் போகும் வழிக்கு ஒரு பரும்படிப் படம் வரையுங்கோ என்று சொல்லிவிட்டு, அரிசி களையப் போனேன்.

திரும்பி வந்து, அரிசியை உலையில் போட்டுவிட்டுப் பார்த்தால் படம் தலைகீழாக இருந்தது. தாளின் உச்சியில் குளம், குளக்கட்டு, தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசு. துருசிலிருந்து பெரிய வாய்க்கால் இறங்கி, இரண்டாகப் பிரிந்து, எங்கள் வளவைத் தொட்டு, கோயிலையும் முன்பள்ளியையும் கடந்து, தாளின் அடியில் இருந்த கடைசி வயல்களில் போய் முடிந்தது. நேர்த்தியான கோடுகள். ஆனால் எங்கள் குளம் எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. வாய்க்கால் பரந்தன் பக்கம் பார்த்து, வடக்கே ஓடுகிறது. மச்சாள் தெற்கைத் தூக்கி மேலே வைத்திருந்தார்.

இதே கூத்தை நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். இந்தக் குளத்தின் கீழே பிறந்த பிள்ளைகள் எவரும் குளத்தை மேலே போடாமல் படம் வரைந்ததில்லை. தண்ணீர் வருகிற பக்கம் இவர்களுக்கு மேல், போகிற பக்கம் கீழ். தேசப்படத்தைச் சுவரில் தொங்கவிட்டாலும், தலையைச் சரித்துத்தான் பார்ப்பார்கள். வருஷம் முழுக்கச் சிவப்புப் பேனையால் வெட்டி வெட்டி என் விரல் நொந்துபோயிருந்த நேரம் அது. அன்று காலையும் முப்பத்திரண்டு கொப்பி திருத்திவிட்டு வந்திருந்தேன்.

“மச்சாள், படத்தில வடக்கு எப்பவும் மேலதான்,” என்றேன்.

“குளத்தைக் கீழ போட்டால் தண்ணி எப்பிடி மேல ஏறும்?” என்று கேட்டார்.

அது தாள், தாளில் தண்ணீர் ஓடாது என்றேன். பார்க்கிறவைக்கு ஓடவேண்டாமோ என்று கேட்டார். தாளின் கீழ்க்கரையில் தான் வரைந்திருந்த சின்ன அம்புக்குறியை விரலால் தொட்டுக் காட்டினார். அது கீழே பார்த்து நின்றது, பக்கத்தில் ‘வ’ என்று எழுதியிருந்தது. வடக்கு எங்கே என்று நான் சொல்லியிருக்கிறேன்தானே, பிறகென்ன என்றார். அரிசி உலையில் பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. எனக்கும் பொங்கிவிட்டது. சிவப்புப் பேனையை எடுத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, அம்புக்குறியையும் சேர்த்துப் பெரிதாக ஒரு கோடு இழுத்தேன். பத்துக்கு முட்டை என்று எழுதி வட்டமும் போட்டேன்.

மச்சாளின் முகம் சிறுத்துப்போனது. கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சரி மச்சாள், நீங்கள் சொன்னால் சரி என்றார். அவர் என்னிடம் அப்படி விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அன்றிலிருந்து காணும் நேரமெல்லாம் கேட்பேன். கிணற்றடியில் வாளியோடு நிற்கும்போது, வடக்கு எங்கே மச்சாள் என்பேன். மேல என்பார். பூசைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திக் கேட்டாலும் மேல என்பார். கோடு போட்டாற்போலப் பழகிவிட்டது. பிறகு வரைந்த படங்களில் குளம் ஒழுங்காகக் கீழே போனது, அம்புக்குறி மேலே பார்த்தது. எல்லாவற்றுக்கும் சரி போட்டுக் கொடுத்தேன்.

சோதனை மண்டபம் பரந்தன் பக்கம். மச்சாள் சேலை உடுத்திக்கொண்டு உள்ளே போக, மேற்பார்வைக்கு வந்த ரீச்சர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்களாம். பின்னேரம் சிரித்துக்கொண்டே வந்து இதைச் சொன்னார். சமவுயரக் கோடு வந்தது, வரம்பை நினைத்து எழுதினேன் என்றார். வினாத்தாளை என் கையில் தந்துவிட்டு, முகம் கழுவப் போனார்.

நான் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு கரையோரக் கிராமத்தின் பரும்படிப் படம் கொடுத்து, அதன்மேல் ஒரு பெரிய கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு எந்தத் திசையில் வைத்தியசாலை, ஆறு எந்தத் திசையை நோக்கிப் பாய்கிறது, வீதி எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொரு பகுதியும் திசையைத்தான் கேட்டது. படத்தின் மூலையில் அம்புக்குறி இருந்தது. அது கீழே பார்த்து நின்றது.

 முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவரிடம், இந்தக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“அம்புக்குறி தலைகீழா நிண்டதைக் கண்டனான் மச்சாள். அச்சடிச்சவை பிழை விட்டிட்டினம் எண்டு நினைச்சு, நீங்கள் சொன்னபடி மேல வடக்கை வைச்சு எழுதினனான்,” என்றார்.

தீவோடும் குடாநாட்டோடும் மழையோடும் மாதக்கணக்காக வாதாடியவர், வாதாடவேண்டிய ஒரே ஒரு இடத்தில் என் பேச்சைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நல்லா எழுதியிருக்கிறியள் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யோடு நான்கு மாதம் இருந்தேன். வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவதும் குறைந்துபோனது. சுகமில்லையோ ரீச்சர் என்று கேட்டார்கள்.

பெறுபேறு வந்தது. புவியியலுக்கு நேரே சித்தியில்லை என்று இருந்தது. அந்த ஒரு கேள்வியால்தானா என்று யாரும் சொல்லமுடியாது. எனக்கு யாரும் சொல்லத் தேவையும் இல்லை. அடுத்த கிழமையே முன்பள்ளிக்கு ஒரு இளம் பெண்ணை எடுத்தார்கள். பாவம், நல்ல பிள்ளை, ஆறு பாடம் அல்ல எட்டுப் பாடம் சித்தி. மச்சாள் அவளுக்குப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் சொல்லிக்கொடுத்து, அலுமாரியைப் பூட்டி, அதன் திறப்பையும் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

வந்தவர் நேரே என் குசினிக்குள் வந்து, அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். தனக்குப் படிப்பதற்கு மண்டை காணாது, உங்களை வீணாகக் கஷ்டப்படுத்திவிட்டேன் என்று சொன்னார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் வடக்கு மேலேதான் இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை, பெரும்பாலும் அப்படி வரைவார்கள், அவ்வளவுதான், அம்புக்குறி எங்கே பார்க்கிறதோ அதுதான் வடக்கு, நீங்கள் முதல் நாள் வரைந்த படத்தில் பிழை இல்லை, பிழை என்னுடையது என்று சொன்னேன்.

 மச்சாள் எழுந்து தன் வீட்டுக்குப் போனார். இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்றே நினைத்தேன். கொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். உச்சியில் குளம், அடியில் வயல், கீழே பார்க்கும் அம்புக்குறி, எல்லாவற்றுக்கும் மேலே என் சிவப்புக் கோடு.

“இது சரியோ?” என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

“அப்ப திருத்துங்கோ.”

சிவப்புப் பேனையைத் தேடி எடுத்து வந்தேன். வெட்டின கோட்டுக்கு மேலேயே ஒரு சரி போட்டேன். மச்சாள் கொப்பியை எடுக்காமல் நின்றார். எத்தனை மாக்ஸ் என்று கேட்டார். முட்டையை வெட்டிவிட்டு, பத்துக்குப் பத்து என்று எழுதிக் கொடுத்தேன். கொப்பியை வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பத்தை நன்றாகப் பார்த்தார்.

“இதைச் சோதினைக்கு முதல் போட்டிருக்கலாம், மச்சாள்,” என்று சொல்லிவிட்டு, கொப்பியை மூடிக்கொண்டு போனார்.